கொடுத்தவர் எதிரிலேயே பிரிக்கிற சோணையம்மாள்

எங்கள் காலனியில் பிறந்தநாள் என்றால் சோணையம்மாளைக் கூப்பிடக் கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருக்கிறது. கூப்பிட்டால் வந்துவிடுவாள், அதுதான் பயம். வந்தவள் கேக்கைத் தின்றோமா, கையைக் கழுவினோமா என்று போக மாட்டாள். கிஃப்ட் குவித்து வைத்திருக்கிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, கொடுத்தவர் எதிரிலேயே ஜிகினாப் பேப்பரைக் கிழிப்பாள். பொம்மையின் கண்ணைக் கட்டைவிரலால் நெம்புவாள். காரின் சக்கரத்தைப் பிடித்து இழுப்பாள். சில சமயம் பல்லால் கடித்தும் பார்ப்பாள். ஏதாவது கையோடு வந்துவிட்டால் தொலைந்தது. "யாரு வாங்குனது இத? நீயா? உன் புள்ளைக்குக் குடுப்பியா?" என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்பாள்.

கொடுத்தவர் எதிரில் பிரிப்பது எங்கள் பக்கம் எம்புட்டுக் கேவலம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணாததைக் கண்ட பறக்காவெட்டி என்பார்கள். சிரித்துக்கொண்டே வாங்க வேண்டும், "எதுக்குங்க இதெல்லாம்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், உள்ளே என்ன இருந்தாலும் எனக்கென்ன என்பதுபோல் பின்னால் வைத்துவிட வேண்டும். அதுதான் மரியாதையாம். மண்ணாங்கட்டி மரியாதை! காலனியில் சோணையம்மாளுக்குக் 'கஸ்டம்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர்கள் ஒருத்தரும் அவள் ஏன் இப்படி ஆனாள் என்று கேட்டதில்லை. எனக்குத் தெரியும். நானும் அதில் ஒரு பங்காளி. யோசித்தால் இன்றைக்கும் வாயில் கசப்புத் தட்டுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் லலிதாம்பாள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். டவுனுக்குள் மகால் பக்கம் கூட்டுக் குடும்பத்தில் ஒரு சமையலறைக்கு நாலு மருமகள்கள் என்று இருந்துவிட்டு, தொண்ணூற்றொன்பதில் ஒத்தக்கடையில் சொந்த வீடு கட்டி வந்தோம். என் வீட்டுக்காரர் வெங்கடேஷ்பாபு ஒரு ஜவுளிக் கம்பெனியில் வேலை. நான் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். ஒரே பையன், விஜய்ஆனந்த்.

சோணையம்மாள் எங்கள் தெருக்கோடியில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட இரண்டு ரூம் வீட்டில் மகள், மருமகன், பேத்தியோடு இருந்தாள். அப்போது அவளுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் லோடுமேன். மகள் வயிற்றில் இருக்கும்போதே வேறொருத்தியோடு திருப்பூருக்குப் போய்விட்டான். "போனான்ல, விட்டுச்சு பீடை" என்பாள். அதற்கு மேல் அவனுக்கு ஒரு வார்த்தை செலவழிக்க மாட்டாள். டவுனில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் கிளினிக்கில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தாள். ஒரு நாள் கம்பவுண்டர் வரவில்லை என்று, அலறிக்கொண்டிருந்த ஒரு குழந்தையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்தாள். அந்தப் பிடியைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதிலிருந்து பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. பிள்ளையைக் கையும் காலும் சேர்த்துப் போர்வையில் சுருட்டி, மடியில் உட்கார வைத்து, தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொள்வாள். டாக்டர் கொக்கியை விட்டு, மூக்கிலோ காதிலோ போனதை எடுப்பார்.

நாங்கள் இரண்டு பேரும் ஏழு நாற்பது பஸ்ஸில் டவுனுக்குப் போவோம். போகிற வழியெல்லாம் முந்தின நாள் எடுத்த சாமான்களைப் பற்றி என் காதில் ஓதிக்கொண்டு வருவாள். பொம்மைக் கண், பாசிமணி, ரப்பர் துண்டு, பிளாஸ்டிக் துப்பாக்கியின் குண்டு, பொம்மைச் சிப்பாயின் ஒரு கால்.

"புளியங்கொட்டை போனா ஊறி உப்பிரும் தாயி, அதக்கூட எடுத்துறலாம். கரடி பொம்மை வயித்துல வைக்கிறானே பஞ்சு, அது போச்சுன்னா நாத்தம் தாங்காது. செத்த எலி தோத்துரும். அப்பன் ஆத்தாளுக்குத் தெரியாது. பல்லு வெளக்கலைன்னு புள்ளையப் போட்டு அடிச்சிருப்பாங்க. பத்து நாளு அடிச்சிட்டுத்தான் எங்கிட்டக் கொண்டாருவாங்க."

காலையில் தின்ற இட்லி எனக்குத் தொண்டைக்கு வரும். "அக்கா, நிறுத்துங்கக்கா" என்பேன். "உனக்குக் கேக்கவே கொமட்டுது, நான் மோந்து பாக்குறேன்" என்பாள். பிள்ளை வாசல்படி ஏறும்போதே, மூக்கில் இருப்பது பஞ்சா பயறா என்று வாடையை வைத்துச் சொல்லிவிடுவாள். இம்புட்டுத் தெரிந்தவள் அவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எங்கள் யோக்கியதையைச் சொல்கிறேன். காலனியில் எல்லார் வீட்டுப் பீரோவிலும் மேல்தட்டு ஒன்று உண்டு. விசேஷங்களுக்கு வந்த கிஃப்டெல்லாம் அங்கேதான் போகும். பிள்ளை அழுது புரண்டு ஒன்றிரண்டைப் பிரித்துவிட்டால்கூட, "ஒடைச்சிருவ, வை" என்று பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டு மேலே ஏற்றிவிடுவோம். அடுத்த வீட்டில் பிறந்தநாளோ காதுகுத்தோ வந்தால், தண்ணீர் தொட்டு லேபிளை உரித்து, புதுப் பேப்பர் சுற்றி, 'அன்புடன்' என்று எழுதி எடுத்துக்கொண்டு போவோம். எது யார் வீட்டிலிருந்து வந்தது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கொடுத்த வீட்டுக்கே அது திரும்பிப் போனால் மானம் போய்விடும். மற்றபடி, உள்ளே என்ன இருக்கிறது, அது எந்தப் பிள்ளை கைக்குப் போகும், போனால் என்ன ஆகும் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? வெறுங்கையோடு வரவில்லை என்று நாலு பேர் பார்த்தால் போதும். இதை எல்லாரும் செய்தோம். செய்கிறோம் என்று ஒருத்தரும் வாய் திறந்து சொன்னதில்லை.

இரண்டாயிரத்து இரண்டு தை மாதம் விஜய்க்கு மூன்று வயது முடிந்தது. வந்த கிஃப்டில் ஒன்றை அவன் பிரித்துவிட்டான். மஞ்சள் வாத்து. வயிற்றை அமுக்கினால் கண் இரண்டும் சிவப்பாக எரியும், கீச்சுக் குரலில் ஏதோ ஒரு பாட்டு வரும், கேட்டால் பல் கூசும். மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்த மாதிரி ஒரு வாடை. அலகைச் சுரண்டினால் பெயிண்ட் நகத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. அடிப்பக்கம் ஒரு சின்ன மூடி. அதற்கு ஸ்குரு கிடையாது, நகத்தால் தள்ளினால் திறந்துகொள்ளும். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் மூன்று பாட்டரி. செய்தவன் பெயரோ ஊரோ அந்தப் பெட்டியில் எங்கேயும் இல்லை. செய்தவனுக்கே சொல்ல வெட்கமாக இருந்திருக்கும்.

அன்றைக்குச் சோணையம்மாளும் வந்திருந்தாள். "என்ன எழவு சத்தம் இது" என்று வாத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மூடியை அவள் திறந்து பார்க்கவில்லை. மறுநாள் விஜய் அந்த வாத்தின் மேல் நீலக் கலர் ஸ்கெட்ச் பேனாவால் கோடு இழுத்துவிட்டான். அவன் முதுகில் இரண்டு வைத்துவிட்டு, வாத்தைத் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். வலது காலுக்கு அடியில் மட்டும் நீலம் போகவில்லை. போகட்டும், காலுக்கடியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பெட்டியில் போட்டு மேல்தட்டில் வைத்தேன். பங்குனியில் அடுத்த தெரு இந்துப்ரியாவின் மகள் ரம்யாஸ்ரீக்கு இரண்டாவது பிறந்தநாள். இந்துப்ரியாவின் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரருக்கு மேனேஜர். நல்ல ரோஸ் கலர் பேப்பராக வாங்கி, வாத்தைச் சுற்றிக் கொடுத்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

ஐப்பசியில், தீபாவளி முடிந்த வாரம், ஒரு சாயங்காலம் சோணையம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் வீட்டு கேட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தாயி, உங்க வீட்ல ஒரு மஞ்ச வாத்து இருந்துச்சுல்ல, கீச்சு கீச்சுன்னு கத்துமே? எங்க அது?"

"ஏங்கக்கா?"

"இன்னைக்குத் திருவாதவூர்ல இருந்து ஒரு பொட்டப்புள்ளையக் கொண்டாந்தாங்க. ரெண்டரை வயசு. மூணு நாளா ஒத்த மூக்குல மட்டும் கறுப்பா ஒழுகியிருக்கு. சளின்னு நெனச்சு மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கி ஊத்தியிருக்காங்க. ஊத்த ஊத்த இன்னும் எரிஞ்சிருக்கு. உள்ள இருந்தது பாட்டரி தாயி, பொத்தான் பாட்டரி. மயக்க மருந்து குடுத்துத்தான் எடுத்தாரு டாக்டரு. நடுவுல இருக்குற தடுப்பு வெந்து ஓட்டையாப் போச்சு. இந்த மூக்குல டார்ச் அடிச்சா அந்த மூக்குல வெளிச்சம் வருது. இனி மூடாதாம், ஆயுசுக்கும் அப்படித்தானாம். பதினெட்டு வருசத்துல இப்படி ஒரு நாத்தம் நான் மோந்ததில்ல. ஏதோ கறி கருகுன மாதிரி." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எதுல இருந்து விழுந்துச்சுன்னு கேட்டதுக்கு அப்பன் பையில இருந்து எடுத்துக் காட்டுறான், உங்க வீட்டு வாத்து மாதிரியே ஒண்ணு. எனக்கு ஈரக்கொலை நடுங்கிருச்சு. எடு அத. இப்பவே ஒடைச்சுப் போட்டுட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதை அப்பவே தூக்கிக் குப்பையில போட்டுட்டேன்க்கா" என்றேன். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னேன். மேனேஜர் வீட்டுக்குப் பழைய பொம்மையைச் சுற்றிக் கொடுத்தவள் என்று வெளியே தெரிந்தால் என்ன ஆவது என்பதுதான் அந்த நேரத்தில் என் மண்டையில் ஓடியது. இந்துப்ரியாவின் பிள்ளை என் மண்டையில் இல்லவே இல்லை.

"நல்ல வேலை செஞ்ச தாயி, நீ வெவரமானவ" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அவள் கையில் டெட்டால் வாசம் அடித்தது. தலையை அலசிவிட்டு வரலாமா என்று இருந்தது எனக்கு.

விடிகிறவரைக்கும் ஒன்றும் ஆகிவிடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டு மாசமாக ஆகாதது ஒரு நாளில் ஆகிவிடுமா என்றும் சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல, ரம்யாஸ்ரீயின் மூக்குதான் கண்ணுக்குள் நின்றது. காலையில் பஸ் ஸ்டாப்பில் சோணையம்மாளைத் தனியாக இழுத்துக்கொண்டு போய், குப்பையில் போடவில்லை, இந்துப்ரியா வீட்டுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நேத்து சாயங்காலமே தெரியும் உனக்கு."

"ஆமாக்கா."

தூ என்று ரோட்டோரம் துப்பினாள். என் மேல் துப்பவில்லை, ஆனால் எனக்குத்தான் என்று தெரிந்தது. ஏழு நாற்பது வந்தது, போனது. இரண்டு பேரும் ஏறவில்லை. அவள் முன்னால் விறுவிறுவென்று நடக்க, நான் பின்னால் ஓடினேன்.

இந்துப்ரியா சிரித்த முகமாக வரவேற்றாள். சோணையம்மாள் விஷயத்தைச் சொல்லி வாத்தைக் கேட்டாள். "ஐயோ, அதுவா! பாப்பா அதைக் கட்டிக்கிட்டுத்தான்க்கா தூங்குவா" என்றாள் இந்துப்ரியா. சோணையம்மாள் பதறிப்போய், "எடுத்துட்டு வாத்தா முதல்ல" என்றாள். உள்ளே போனவள் பத்து நிமிஷம் கழித்து ஒரு முயல் பொம்மையோடு வந்தாள். லலிதா அக்கா கொடுத்தது இதுதானே என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். எனக்கு அவள் மேல் அருவருப்பு பொத்துக்கொண்டு வந்தது. என்னையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது, அதுதான் காரணம்.

"நான் கொடுத்தது வாத்து, இந்து. விஜய் விளையாடுன வாத்து" என்றேன்.

அவள் முகம் மாறியது. "விளையாடுனதா? அப்ப நீங்க புதுசு வாங்கிக் கொடுக்கலையா?"

கேட்டீர்களா? அந்த நேரத்திலும் அவளுக்கு அதுதான் சந்தேகம்!

"ஏத்தா," என்றாள் சோணையம்மாள், "அங்க ஒரு புள்ள மூக்கு ஓட்டையாக் கெடக்கு. நீ இங்க பழசு புதுசு பேசுற. கருமம். அந்த வாத்து வீட்ல இருக்கா இல்லையா? இல்லைன்னா எந்த வீட்ல இருக்கு? அந்த வீட்லயும் ஒரு புள்ள இருக்கும்ல?"

இந்துப்ரியா நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பாப்பா அந்தச் சத்தத்துக்குப் பயந்தா. அதனால ஒரே நாள்ல அதே ரோஸ் பேப்பரைச் சுத்தி பேக் பண்ணி வச்சுட்டேன். வைகாசியில உங்க பேத்திக்குக் காது குத்துனீங்கள்ல, அழகர்கோயில்ல... உங்க வீட்டுக்குத்தான்க்கா வச்சோம்."

சோணையம்மாள் ஒரு கையால் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும் சொன்னாள்.

"காது குத்துறப்ப பேத்திக்கு ஏழு மாசம். நாலஞ்சு பெட்டி வந்துச்சு. பெருசான பெறகு வெளாடட்டும்னு அம்புட்டையும் பரண்ல போட்டேன். ஒண்ணையும் பிரிக்கல."

"அப்ப வாத்து உங்க பரண்லதான் இருக்கு, எடுத்து உடைச்சிரலாம்" என்றேன். எனக்கு உயிர் வந்தது.

"அதுல ஒரு பெட்டி இப்ப இல்ல தாயி. ஆனியில ஆட்டோ காசிமாயன் மகனுக்கு மொட்டை போட்டாங்க. போற அவசரம், மேல இருந்த பெட்டிய உருவிக் குடுத்துட்டேன். ரோஸ் பேப்பரு." நடந்துகொண்டே இருந்தவள் நின்றாள். "பதினெட்டு வருசமா ஊர்ப் புள்ளைக மூக்குல இருந்து பொறுக்கிப் பொறுக்கி எடுக்குறேன். யாரு குடுத்தாங்க, எவன் வாங்குனான்னு திட்டாத நாள் இல்ல. நானே ஒரு பெட்டியத் தூக்கிக் குடுத்திருக்கேன், உள்ள என்ன இருக்குன்னு பாக்காம. என் கைய ஒடைக்கணும்."

காசிமாயன் மேலூர் ரோட்டு ஆட்டோ ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டு நின்றான். அவன் எங்களைப்போல் மென்று முழுங்கவில்லை. வெட்கமே இல்லாமல் சிரித்தான்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. ஆவணிக் கடைசியில எங்க ஊர்ல ஒரு காதுகுத்து. கையில ஒண்ணும் இல்ல. நீங்க குடுத்தது பிரிக்காம அப்படியே இருந்துச்சா, கொண்டுபோயி வச்சுட்டேன். பேப்பரு கூட மாத்தல, புதுசாட்டமே இருந்துச்சு."

"எந்த ஊரு?"

"திருவாதவூருதான். எங்க தெரு ராமக்காள் மகளுக்கு. பாண்டீஸ்வரின்னு பேரு. பாவம்க்கா, அந்தப் புள்ளைக்கு இப்ப மூக்குல ஏதோ ஆபரேசனாம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. சோணையம்மாள் என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டு வாத்துல ஏதாச்சும் அடையாளம் உண்டா?"

"வலது காலுக்கு அடியில நீலம். விஜய் ஸ்கெட்ச்ல கிறுக்குனது."

"கிளினிக்கு மேசையில இருக்கு. நேத்து நான்தான் சோப்புப் போட்டுக் கழுவுனேன். கால்ல ஒரு நீலம். தேச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல."

வேறொரு பிள்ளையைக் காப்பாற்றப் போகிறோம் என்று காலையிலிருந்து வீடு வீடாக ஓடியது எல்லாம் இதற்குத்தான். இருந்தது ஒரே வாத்து. அது போக வேண்டிய இடத்துக்கு எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. என் கை, இந்துப்ரியா கை, சோணையம்மாள் கை, இந்தக் காசிமாயன் கை. "நமக்கு எப்படிக்கா தெரியும்? வாங்குனவன் எவனோ" என்று அவன் டீயை முடித்துவிட்டு கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தான். ஓங்கி ஒன்று விடலாம்போல் இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு விடுவது?

பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், ஞாயிற்றுக்கிழமை அதே காசிமாயன் ஆட்டோவில் நானும் சோணையம்மாளும் திருவாதவூருக்குப் போனோம். அவன் தெருமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு, "நீங்க போயிட்டு வாங்கக்கா, நமக்கு எதுக்கு வம்பு" என்று சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டான்.

ராமக்காளுக்கு இருபத்துமூன்று, இருபத்துநாலு வயதுதான் இருக்கும். புருஷன் நடவுக்குப் போயிருந்தான். சோணையம்மாளைப் பார்த்ததும் அவளுக்கு அம்புட்டுச் சந்தோஷம். "வாங்கக்கா வாங்க! எம்புள்ளைய மடியில வச்சுப் பிடிச்சீங்களே, சாமி மாதிரி" என்று பாயை விரித்தாள். குடிக்கக் கலர் வாங்கி வரப் பக்கத்து வீட்டில் சொல்லப் போனாள். சோணையம்மாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

வீட்டுக்குள் எங்கேயோ விசில் சத்தம் கேட்டது. மெல்லிசாக, விட்டு விட்டு. அடுப்பில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அடுப்பு அணைந்திருந்தது. பிறகுதான் தெரிந்தது, மூலையில் பாயில் தூங்குகிற பிள்ளையிடமிருந்து வருகிறது என்று. மூச்சு உள்ளே போகும்போதெல்லாம் அந்த ஓட்டையில் விசில் அடித்தது. நான் என் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன்.

சோணையம்மாள் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த வாத்தக் காசிமாயனுக்குக் குடுத்தது நான்தான் தாயி. எனக்கு ஒருத்தி குடுத்தா, அவளுக்கு இந்தா இவ குடுத்தா. ஒருத்தரும் பிரிச்சு, மூடி நிக்குதான்னு பாக்கல. திட்டணும்னா திட்டு, அடிக்கணும்னா அடி. அதுக்குத்தான் வந்தோம்."

ராமக்காள் திட்டவில்லை. மகள் மேல் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"நானும் அத ஒரு வாரம் பிரிக்காமத்தான்க்கா வச்சிருந்தேன்" என்றாள். "எங்க அண்ணன் மகனுக்குப் பொறந்தநாள் வருது, அதுக்குக் குடுத்துக்கலாம்னு. இவ அந்த ரோஸ் பேப்பரப் பாத்துப் பாத்து அழுதா. அதுக்கு வேற ஒரு பொம்மையும் இல்ல. மனசு கேக்கல, பிரிச்சுக் குடுத்துட்டேன். நான் பிரிச்சிருக்கக் கூடாதுக்கா. பேசாம எங்க அண்ணன் வீட்டுக்கே குடுத்திருக்கணும். எல்லாம் என் தப்பு."

எட்டு மாசம் அந்த வாத்து கைமாறியிருக்கிறது. அதை ஆசையாகத் தன் பிள்ளைக்கென்று பிரித்துக் கொடுத்தது இந்த ஒருத்திதான். எங்கள் பிள்ளைகள் தப்பித்தது எங்கள் புத்தியினால் இல்லை, கஞ்சத்தனத்தினால். கடைசியில், தப்பு என்று சொன்னதும் இவள்தான். அண்ணன் மகன் மூக்கு போயிருந்தால் பரவாயில்லையா என்று கேட்க வாய் வந்தது. கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

சோணையம்மாள் பிள்ளை பக்கத்தில் போய் உட்கார்ந்து, மூக்கு காய்ந்து போகாமல் எப்படி எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும், எப்போது காட்ட வர வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். கிளம்பினோம். ராமக்காள், "செத்த இருங்கக்கா" என்று உள்ளே ஓடினாள். பச்சைக் கலர் ஜிகினாப் பேப்பர் சுற்றிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"உங்க வீட்லயும் ஒரு புள்ள இருக்கும்ல, அதுக்கு. வீடு தேடி வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பக் கூடாது."

என் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது பாட்டுக்கு நீண்டது. வாய் பாட்டுக்குச் சிரித்தது. "எதுக்குங்க இதெல்லாம்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். பெட்டியை வாங்கி, பிரிக்காமல், என் ஹேண்ட்பேக்கில் பாதி திணித்தும்விட்டேன்.

சோணையம்மாள் வெடுக்கென்று அதைப் பிடுங்கினாள். ராமக்காள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் முகத்துக்கு நேரே, நடு வீட்டில் நின்று பேப்பரைக் கிழித்தாள். சோணையம்மாள் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. உள்ளே ஒரு சிவப்புக் கார். திருப்பிப் போட்டுச் சக்கரத்தைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் கையோடு வந்தது. கூடவே அரை விரல் நீளத்துக்கு ஒரு கம்பியும் வந்தது, நுனி கூராக. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து ராமக்காளிடம் நீட்டினாள்.

"பாரு" என்றாள்.

ஒரு சொல் வந்து விழப் போகிறது என்று நான் வாசலைப் பார்த்தேன். கொடுத்த பொருளை எதிரிலேயே பிரித்து, குறையும் சொன்னால் எவள் பொறுப்பாள்? ராமக்காள் அந்தக் கம்பியையே பார்த்தாள். பாயில் விசில் அடித்துக்கொண்டு தூங்குகிற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து காதுகுத்துக்கு வந்த மிச்சப் பெட்டிகள் நாலையும் இறக்கிச் சோணையம்மாள் காலடியில் வைத்தாள்.

"இதையும் பாத்துருங்கக்கா" என்றாள்.

சோணையம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பாயில் உட்கார்ந்தாள். ராமக்காளும் எதிரில் உட்கார்ந்து, ஒரு பெட்டியைத் தானே எடுத்துக் கிழிக்க ஆரம்பித்தாள்.